ஆக்ஸிமீட்டருக்குப் பின்னால் நாலு மெழுகுவத்தி... விதியில் பெயர் விட்டுப்போன பியர் பூகேர்!

கோவிட் நேரத்துல விரல்ல க்ளிப் மாதிரி ஒண்ணை மாட்டிக்கிட்டு, 97 காட்டுமா 93 காட்டுமான்னு நெஞ்சு படபடக்கப் பார்த்திருப்பீங்கதானே? ஊசி குத்தலை, ரத்தம் எடுக்கலை. சின்னதா ஒரு சிவப்பு வெளிச்சம், அவ்ளோதான். கூடவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சமும் உங்க விரலுக்குள்ள போய்க்கிட்டு இருந்தது. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்ஸிஜன் குறைஞ்ச ரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும். விரலைத் தாண்டி எது எவ்வளவு தப்பி வந்திருக்குன்னு பார்த்து, அந்தக் குட்டி மெஷின் கணக்குப் போட்டு எண்ணைச் சொல்லிடுது.

லேப்ல உங்க ஹீமோகுளோபின் பார்க்கிறதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ரத்தத்துல ஒரு கெமிக்கலைக் கலந்து, அந்தக் கலவை வழியா வெளிச்சத்தைப் பாய்ச்சி, எவ்வளவு காணாமப்போச்சுன்னு பார்க்கிறாங்க.

இதுக்கெல்லாம் அடிப்படையா ஒரு விதி இருக்கு. கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கும், பீர்-லாம்பர்ட் விதி. (அந்தப் பெயரைக் கேட்டதும் கடைசி பெஞ்சுல ஒரு சிரிப்பு எழும்பியிருக்கும். அதுக்காகவே மறந்திருக்காது!) பீர், லாம்பர்ட் ரெண்டும் விஞ்ஞானிகள் பெயர். ஆனா, அந்த விதியோட முதல் பாதியை இவங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே கண்டுபிடிச்சு புத்தகமும் போட்ட ஒருத்தர் பெயர், பெரும்பாலான பாடப்புத்தகங்கள்ல அந்த இடத்துல இருக்காது. அவர்தான் பியர் பூகேர்.

16 வயசில் வாத்தியார்!

பிரான்ஸின் மேற்குக் கரையில், பிரிட்டானி பகுதியில் இருக்கும் சின்னத் துறைமுக ஊர், லெ க்ருவாசிக். பக்கத்திலேயே உப்பளங்கள். பூகேர் 1698 பிப்ரவரியில் அங்கேதான் பிறந்தார். அப்பா ழான் பூகேர், மாலுமிகளுக்குக் கடல் பயணக் கணக்குகளைச் சொல்லித்தரும் அரசாங்க ஆசிரியர். கப்பல் இப்போது எங்கே நிற்கிறது, எந்த நட்சத்திரத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும், இதெல்லாம்தான் பாடம். அந்த வீட்டில் கணக்கு என்பது பரீட்சைக்குப் படிக்கிற விஷயம் இல்லை. தப்பாகப் போட்டால் கப்பல் பாறையில் மோதும்.

1714-ல் அப்பா இறந்துபோனார். பையனுக்கு 16 வயசு. அப்பாவின் வேலையை எனக்கே கொடுங்கள் என்று விண்ணப்பித்தான். கொடுக்க வேண்டியவர்களுக்கு நம்பிக்கை இல்லை. வைத்த தேர்வில் பையன் ஜெயித்தான். தன்னைவிட வயதில் மூத்த மாலுமிகளுக்கு வாத்தியார் ஆனான். நம்ம 16 வயசுல என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்னு யோசிக்காம அடுத்த பாராவுக்குப் போயிடுறது நல்லது.

1727-ல் பாரிஸ் அறிவியல் அகாடமி ஒரு போட்டி வைத்தது. கப்பலில் பாய்மரங்களை எங்கே, எப்படி நிறுத்துவது சிறந்தது என்பதுதான் கேள்வி. முதல் பரிசு பூகேருக்கு. அந்தப் போட்டியில் பாராட்டு மட்டும் பெற்றுப் பின்தங்கியவர்களில் ஒருவர், சுவிட்சர்லாந்திலிருந்து எழுதி அனுப்பியிருந்த 20 வயசுப் பையன் லியோனார்ட் ஆய்லர். ஆமாங்க, கணித உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிற அதே ஆய்லர்தான்! பூகேர் 1729, 1731 போட்டிகளிலும் பரிசை வாங்கினார். 1730-ல் லெ ஹாவ்ர் துறைமுகத்துக்கு வேலை மாறினார். 1731-ல் அகாடமியிலேயே உறுப்பினர் ஆனார்.

இப்படிக் கப்பல் கப்பலென்று இருந்தவருக்கு, வெளிச்சத்தின் மேல் எப்படி ஆசை வந்தது? மெய்ரான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு சந்தேகத்தை எழுதியிருந்தார். சூரியன் உச்சியில் இருக்கும்போது வருகிற வெளிச்சமும், தாழ இருக்கும்போது வருகிற வெளிச்சமும் எவ்வளவு வித்தியாசப்படும்? கோடை, குளிர்காலக் கணக்குக்கு அவருக்கு அந்த விடை வேண்டியிருந்தது. ஆனால், அளக்க வழியில்லை. பூகேர் அதைப் படித்தார். மண்டைக்குள் புழு நுழைந்துவிட்டது.

கண் ஒரு மோசமான மீட்டர்

சாயங்காலம் மறையப்போகிற சூரியனை ஓரளவு நேரா பார்க்க முடியுது. மத்தியானம் முடியுமா? (ரெண்டுமே கண்ணுக்கு நல்லதில்லை, ட்ரை பண்ணாதீங்க.) காரணம் சிம்பிள். தாழ இருக்கும்போது அதோட வெளிச்சம் நம்மகிட்ட வர்றதுக்குள்ள ரொம்ப நீளமான காற்றைக் கடந்து வரணும். வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தொலையுது. எவ்வளவு தொலையுது என்பதுதான் கேள்வி.

அளக்கக் கருவி எதுவும் கிடையாது. இருந்தது கண் மட்டும்தான். கண்ணோ இந்த வேலைக்கு லாயக்கில்லை. உங்க போனையே எடுத்துக்கோங்க. மத்தியான வெயில்ல ஸ்க்ரீன் செத்துப்போன மாதிரி இருக்கும். ராத்திரி லைட்டை அணைச்சிட்டு, பிரைட்னெஸை மாத்தாம அதே ஸ்க்ரீனைப் பார்த்தா கண்ணு கூசும். ஸ்க்ரீன் மாறலை, நம்ம கண்ணுதான் சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி அட்ஜஸ்ட் ஆகிக்குது. அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு இந்த வெளிச்சம் அதைவிட எத்தனை மடங்குன்னு எப்படிச் சொல்றது?

பூகேர் செய்தது என்னைப் பொறுத்தவரை ஒரு மாஸ்டர் ஸ்ட்ரோக். கண்ணால் எத்தனை மடங்கு என்று சொல்ல முடியாது. ஆனால், பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ரெண்டு வெளிச்சங்கள் சமமா, இல்லையா என்பதை மட்டும் அது நன்றாகச் சொல்லும். சரி, கண்ணிடம் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்போம். மீதியை அடிக்கோலும் கணக்கும் பார்த்துக்கொள்ளட்டும்.

மெழுகுவத்தியை ரெண்டு மடங்கு தூரத்தில் தள்ளி வைத்தால், அதிலிருந்து விழும் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். மூணு மடங்கு தள்ளினால், ஒன்பதில் ஒரு பங்கு. இது அப்போதே தெரிந்த விஷயம். ஆகவே, ஒரு பக்கம் அளக்க வேண்டிய வெளிச்சம், பக்கத்திலேயே மெழுகுவத்தியின் வெளிச்சம். ரெண்டும் சமமாகத் தெரியும்வரை மெழுகுவத்தியை முன்னே பின்னே நகர்த்து. தூரத்தை அள. முடிந்தது வேலை!

1725 நவம்பர் 23, பௌர்ணமி சமயம். சூரியன் இந்த விளையாட்டுக்கு ஒத்துவராது, வெளிச்சம் ரொம்ப அதிகம். அதனால் பூகேர் நிலாவை எடுத்துக்கொண்டார். காற்று காற்றுதானே, சூரிய வெளிச்சத்தைத் தின்கிற மாதிரியே நிலா வெளிச்சத்தையும் தின்னும். நிலா வானத்தில் சுமார் 19 டிகிரி உயரத்தில் தாழ இருந்தபோது, அதன் வெளிச்சம் 50 அடி தூரத்தில் வைத்த நாலு மெழுகுவத்திகளுக்குச் சமமாக இருந்தது. சுமார் 66 டிகிரி உயரத்துக்கு ஏறியிருந்தபோது, அதே நாலு மெழுகுவத்திகளை 41 அடிக்குக் கிட்டே கொண்டுவர வேண்டியிருந்தது.

இப்போ கால்குலேட்டரைத் திறங்க. 50-ஐ 50-ஆல் பெருக்கினா 2500. 41-ஐ 41-ஆல் பெருக்கினா 1681. அதாவது, உயரத்தில் இருந்த நிலாவின் வெளிச்சம் 2500 பங்கு என்றால், தாழ இருந்தபோது வந்தது 1681 பங்குதான். கூடுதலாகக் கடந்த காற்று, மூணில் ஒரு பங்கு வெளிச்சத்தை விழுங்கியிருந்தது. நாலு மெழுகுவத்தியும் ஒரு அளவுகோலும் வைத்து, ஒரு மனிதன் வானத்தின் கண்ணாடித்தன்மையை அளந்துவிட்டான்!

மெழுகுவத்தியை நடுவில் தரகராக வைத்து, சூரியனையும் நிலாவையும்கூட ஒப்பிட்டார். பௌர்ணமி நிலாவைவிட சூரியன் ஏறத்தாழ 3 லட்சம் மடங்கு பிரகாசம் என்றார். இன்றைய கணக்கு சுமார் 4 லட்சம். சென்சார் இல்லாத காலத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்ததே பெரிய விஷயம்.

கழித்தலா, பெருக்கலா?

இனிமேதான் மேட்டரே. ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டு, மேல விழுற வெளிச்சத்துல பாதியை விழுங்கிடுதுன்னு வெச்சுக்குவோம். அதே மாதிரி இன்னொரு துண்டைப் பின்னாடி வெச்சா? முதல் துண்டு 50 சதவிகிதம், ரெண்டாவது 50 சதவிகிதம், மொத்தமும் காலின்னு தோணலாம். பிரான்சுவா மரி என்ற துறவி 1700-ல் வெளியிட்ட புத்தகத்தில் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்திருந்தார். ஒவ்வொரு துண்டும் அதே அளவு வெளிச்சத்தைக் கழித்துக்கொண்டே போகும் என்று. அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. யாராக இருந்தாலும் முதலில் அப்படித்தான் யோசிப்போம்.

பூகேர் சொன்னது வேறு. ஒரு துண்டு விழுங்குவது குறிப்பிட்ட அளவை அல்ல, தன்னிடம் வந்துசேர்வதில் குறிப்பிட்ட பங்கை. முதல் துண்டுக்கு 100 வந்தது, 50-ஐ விட்டது. ரெண்டாவதுக்கு வந்ததே 50-தான், அதில் பாதியான 25-ஐ விட்டது. அடுத்து 12.5, அடுத்து 6.25. குறைந்துகொண்டே போகும், சுத்தமாக ஜீரோ ஆகவே ஆகாது. சம்பளத்தில் ஒவ்வொரு மாதமும் ஆயிரம் ரூபாய் பிடிப்பதற்கும், கையில் இருப்பதில் பாதியை ஒவ்வொருவரும் வாங்கிக்கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதே கணக்கைக் காற்றுக்கும் போட்டார். உச்சியிலிருந்து நேராக இறங்கும் வெளிச்சத்தில், தெளிவான வானம் என்றால் சுமார் 81 சதவிகிதம் தரைக்கு வந்துசேரும் என்று கண்டார். கடல் தண்ணீருக்குள் வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகும் என்பதையும் விடவில்லை. கடற்கரைக்காரர், விடுவாரா?

1729-ல் இதையெல்லாம் ஒரு சின்னப் புத்தகமாக வெளியிட்டார். ஒளியை அளப்பது என்ற துறையே அங்கேதான் பிறந்தது. அவருக்கு அப்போது 31 வயசு.

அதற்குப் பிறகு ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவருக்கு இந்த விஷயத்தில் முழுசாக உட்கார நேரமே கிடைக்கவில்லை.

பூமி பூசணியா, எலுமிச்சையா?

காரணம், ஒரு பயணம். பூமி துருவங்களில் தட்டையாக, பூசணிக்காய் மாதிரி இருக்கிறது என்றது நியூட்டன் கட்சி. இல்லை, எலுமிச்சை மாதிரி துருவப் பக்கம் நீண்டிருக்கிறது என்றது பிரான்ஸின் காசினி கட்சி. நேரில் அளந்து பார்த்துவிடுவோம் என்று அகாடமி முடிவெடுத்தது. ஒரு குழுவை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், அன்றைய பெருவுக்கு (இன்றைய ஈக்வடார்) அனுப்பியது. லூயி கோதான் தலைவர். சார்ல் மாரி டி லா கோந்தமின், பூகேர், இன்னும் சிலர். ஸ்பெயின் கடற்படையிலிருந்து ரெண்டு இளம் அதிகாரிகள். 1735 மே மாதம் லா ரொஷெல் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள். பூகேர் பாரிஸுக்குத் திரும்பியது 1744-ல். ஒன்பது வருஷம்!

ஆண்டீஸ் மலைச் சிகரங்களில் கூடாரம் போட்டு, ஒரு சிகரத்திலிருந்து இன்னொன்றைக் குறிபார்த்து, 300 கிலோமீட்டருக்கும் மேல் முக்கோணம் முக்கோணமாக அளந்தார்கள். பிச்சிஞ்சா மலை உச்சியில், சுமார் 4,700 மீட்டர் உயரத்தில், மூணு வாரத்துக்கும் மேல் குளிரிலும் மேகத்திலும் கிடந்தார்கள். மூச்சு முட்டியது, ஈறுகளில் ரத்தம் கசிந்தது. அன்னிக்கு ஒரு ஆக்ஸிமீட்டர் இருந்து, பூகேர் விரல்ல மாட்டிப் பார்த்திருந்தா, நாம பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடுற எண்ணைத்தான் காட்டியிருக்கும். குழுவின் மருத்துவரை குவெங்கா என்ற ஊரில் ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. கையில் பணம் தீர்ந்தது. தலைவருடன் சண்டை. பிறகு பூகேருக்கும் லா கோந்தமினுக்கும் சண்டை.

இதற்கெல்லாம் நடுவில் வந்ததுதான் பெரிய இடி. வடக்கே லாப்லாந்துக்குப் போன இன்னொரு குழு, மோபெர்த்துயி என்பவர் தலைமையில், வேலையை முடித்து 1737-லேயே பாரிஸுக்குத் திரும்பிவிட்டது. நியூட்டன் கட்சி ஜெயித்தது. பூமி பூசணிதான். இவர்கள் மலையில் உறைந்துகொண்டிருந்தபோதே, ஊரில் விடையை அறிவித்துக் கைதட்டலும் வாங்கியாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். இவர்கள் அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் அளந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, இவர்களுடைய அளவுதான் அதிகத் துல்லியம்.

பூகேர் சும்மா அளந்துவிட்டு வரவும் இல்லை. ஒரு பெரிய மலை, பக்கத்தில் தொங்கும் தூக்குக்குண்டைத் தன் பக்கம் லேசாக இழுக்குமா என்று 1738-ல் சிம்போராசோ மலையில் சோதித்தார். பாறைகளால் ஈர்ப்புவிசை மாறுவதற்கு அவர் போட்ட கணக்கு, இன்றும் பூமிக்கடியில் தாதுவும் எண்ணெயும் தேடுகிறவர்கள் கையில் பூகேர் அனாமலி என்ற பெயரில் இருக்கிறது. கப்பல் எந்த அளவு சாய்ந்தால் நிமிரும், எப்போது கவிழும் என்பதைச் சொல்லும் புத்தகத்தையும் அந்த மலைகளில் இருந்தபோதே எழுதினார். 1746-ல் வெளியான அது, கப்பல் கட்டுகிறவர்களுக்குப் பாடப்புத்தகம் ஆனது.

தப்பான சண்டை

ஊருக்கு வந்த பிறகாவது நிம்மதியாக இருந்தாரா? இல்லை. லா கோந்தமின் அமேசான் நதி வழியாகப் படகில் வந்து சேர்ந்தார். மனுஷன் பேச்சுக்காரர், கதை சொல்லி. பாரிஸ் அவரைக் கொண்டாடியது. பாதிக்கு மேல் கணக்கைச் சுமந்த பூகேர், கூச்ச சுபாவக்காரர், கொஞ்சம் சிடுசிடுப்பும் உண்டு. யார் எதைச் செய்தது என்று இருவரும் 1750-களில் மாறி மாறி அச்சடித்துச் சண்டை போட்டார்கள். அந்தப் பக்கங்களைப் படித்துத் தீர்ப்பு சொல்ல இன்று யாருக்கும் பொறுமை இல்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். பூமியின் வடிவத்துக்கான விடை ஏற்கெனவே வந்துவிட்டது, அதில் ரெண்டாவதாக வந்தவர்களுக்குள் யார் பெரியவர் என்று சண்டை. முழுக்க முழுக்கத் தனக்கே சொந்தமான வெளிச்சக் கணக்கு, 1729-ன் அந்தச் சின்னப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசி வருஷங்களில்தான் அவர் அதற்குத் திரும்பினார். பழைய புத்தகத்தைப் பெரிதாக்கி, புதிய சோதனைகளைச் சேர்த்து எழுதினார். உடம்பு விட்டுக்கொண்டே வந்தது. எழுதி முடித்துக் கைப்பிரதியைக் கொடுத்தார். 1758 ஆகஸ்ட் 15 அன்று பாரிஸில் இறந்தார். வயது 60. நண்பரும் வானியலாளருமான லக்காய், 1760-ல் அதை அச்சில் கொண்டுவந்தார்.

அதே 1760-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் இன்னொரு புத்தகம் வந்தது. எழுதியவர் யோஹான் ஹெய்ன்ரிச் லாம்பர்ட். தையல்காரர் மகன், 12 வயசில் பள்ளியை விட்டவர், தானே படித்து மேதையானவர். அவர் கதையும் தனியாக எழுத வேண்டியதுதான். ஒளியை அளப்பதை முறையான கணிதமாக்கிக் கட்டி எழுப்பினார். லாம்பர்ட் திருடவில்லை, பூகேரின் 1729 புத்தகத்தை அவர் தன் புத்தகத்தில் குறிப்பிட்டே இருக்கிறார். ஆனால், பின்னால் வந்தவர்கள் லாம்பர்ட்டை மட்டும் படித்தார்கள்.

1852-ல் வந்தார் ஆகஸ்ட் பீர். கறுப்பாக இருக்கிற டிக்காஷனில் தண்ணீர் ஊற்றினால் டம்ளர் தெளிவாகிறது, இல்லையா? தடிமன் மட்டுமல்ல, கரைசல் எவ்வளவு அடர்த்தி என்பதும் வெளிச்சத்தை அதே பெருக்கல் கணக்கில்தான் குறைக்கும் என்று அவர் நிறமுள்ள கரைசல்களை வைத்துக் காட்டினார். இது ரெண்டாவது பாதி. உள்ளே போன வெளிச்சம், வெளியே வந்த வெளிச்சம், கடந்த தூரம் மூன்றும் தெரிந்தால், கரைசலில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். லேப் ரிப்போர்ட்டில் உங்க பெயருக்கு நேரே வரும் எண்கள் பலவும் அப்படி வருபவைதான்.

விதிக்குப் பெயர் வைத்தபோது பீர் வந்தார், லாம்பர்ட் வந்தார். சில புத்தகங்கள் மட்டும் பூகேரையும் சேர்த்து மூணு பெயராகப் போடுகின்றன. உங்க புத்தகத்துல எப்படி இருக்குன்னு ஒரு தடவை புரட்டிப் பாருங்க.

அவர் பெயர் கண்டிப்பாக இருக்கிற இன்னோர் இடம், அவர் மெழுகுவத்தி வைத்து அளந்த அதே நிலா. அதன் வடக்குப் பகுதியில் பூகேர் என்று ஒரு பள்ளம் உண்டு, அகலம் சுமார் 23 கிலோமீட்டர். வெறும் கண்ணுக்குத் தெரியாது, டெலஸ்கோப் வேணும். நிலா மேப்பில் அதற்குக் கிழக்கே கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கும், சுமார் 37 கிலோமீட்டர். அதன் பெயர், லா கோந்தமின்.